சிங்கத் தலை வைத்த குக்ரி: முதல் கத்தி வாங்குபவர்கள் கவனிக்க

காத்மாண்டு தமேல் கடைத்தெருவில் வாங்கிய ஒரு குக்ரி (நேபாளத்தின் வளைந்த வெட்டுகத்தி), காட்டில் கூடாரம் போட்ட முதல் நாள் மாலையே பல்லிளித்துவிட்டது. பத்து அங்குல அலகு, கருமரப் பிடி, பிடியின் அடியில் பித்தளைச் சிங்கத் தலை, முகம் பார்க்கும் அளவுக்குப் பளபளப்பு. ‘கையால் அடித்தது, ராணுவத்துக்குப் போகும் அதே சரக்கு’ என்பது கடைக்காரர் வாக்கு. மணிக்கட்டுப் பருமனுள்ள காய்ந்த விறகில் இருபது வெட்டு விழுவதற்குள் கூர் தகரம் போல மடங்கியது. விறகைப் பிளக்க அலகின் முதுகில் கட்டையால் தட்டியபோது பிடி ஆடத் தொடங்கியது. சிங்கம் தனியே கழன்று விழுந்தது. படம் எடுத்து அனுப்பியதற்கு வந்த பதில்: ‘மரம் வெட்டியிருக்கிறீர்கள், பயன்படுத்திய பொருளைத் திரும்ப எடுப்பதில்லை.’

கடையின் பெயர் இங்கே வேண்டாம். ஒரு கடையைத் தவிர்த்தால் பக்கத்துக் கடையிலும் இதே சரக்குதான் தொங்கும். சுவரில் மாட்டுவதற்கென்று செய்த கத்தியை வெட்டுகத்தி என்று சொல்லி விற்பதுதான் இதில் நடக்கும் ஏமாற்று. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். வித்தியாசம் பிடிக்குள்ளும் கூரின் பதத்திலும் ஒளிந்திருக்கிறது.

முதலில் பிடி. கழன்ற பிடியைப் பிளந்து பார்த்தபோது உள்ளே இருந்த இரும்பு வால், அதாவது பிடிக்குள் நுழையும் அலகின் நீட்சி, இரண்டு அங்குலம்கூட இல்லை. பென்சில் கனத்தில் ஒரு கம்பி, சுற்றிலும் அரக்குப் பசை, அதிலும் பாதி வெற்றிடம். சிங்கத் தலைக்கும் வாலுக்கும் தொடர்பே இல்லை; அது மரத்தில் ஒட்டப்பட்டிருந்தது. உழைக்கும் குக்ரியில் இரண்டு வகைக் கட்டுமானம்தான் பார்க்க வேண்டும். ஒன்று, வால் பிடியின் முழு நீளத்துக்கும் ஊடுருவி, அடியில் உள்ள பித்தளைத் தகட்டைத் துளைத்து வெளியே வந்து, அங்கே சுத்தியலால் தட்டிப் பரப்பப்பட்டிருப்பது. பிடியின் அடியைப் பார்த்தால் தகட்டின் நடுவில் அந்த இரும்பு முனை பொட்டுப் போலத் தெரியும். இரண்டாவது, பனாவல் என்று நேபாளத்தில் சொல்லும் முழுத் தட்டை வால். பிடியின் அகலத்துக்கே இரும்பு ஓடும், இருபுறமும் மரமோ எருமைக் கொம்போ வைத்து ரிவெட் அடித்திருப்பார்கள். சுற்றுவட்டத்தில் இரும்பு கண்ணுக்குத் தெரிவதால் முதல் கத்திக்குப் பனாவலே மேல். மறைப்பதற்கு அதிகம் இடமில்லை. அடியில் பொட்டும் இல்லை, ஓரத்தில் இரும்பும் இல்லை, அலங்காரக் குமிழ் மட்டும் இருக்கிறது என்றால் கீழே வைத்துவிடுங்கள்.

அரக்குப் பசையைக் குற்றம் சொல்ல முடியாது. லாஹா எனப்படும் அந்தப் பிசின் கலவை காலங்காலமாகப் பயன்படுவதுதான். ஆனால் அது சூட்டில் இளகும். வெயிலில் நிறுத்திய காருக்குள்ளோ அடுப்போரத்திலோ விட்டால் நல்ல கத்தியின் பிடிகூட லேசாக ஆடும். வால் முழு நீளம் இருந்தால் அந்த ஆட்டம் தொல்லை மட்டும்தான். இரண்டு அங்குல வாலாக இருந்தால் வீசும்போது அலகு பறந்து எதிரில் நிற்பவர்மேல் விழும். கடையிலேயே சோதிக்க வழி இருக்கிறது. பிடியைத் தளர்வாகப் பிடித்து, அலகின் தட்டைப் பக்கத்தில் விரல் முட்டியால் தட்டுங்கள். தெளிவான மணியோசை வந்தால் நல்லது. ‘ஜிர்’ரென்று அதிர்ந்தால் உள்ளே ஏதோ தளர்ந்திருக்கிறது.

அடுத்தது பதம். நல்ல குக்ரி லாரியின் ஸ்பிரிங் பட்டையில் அடிப்பது. திருப்பாச்சேத்தி அரிவாளுக்கும் இதே பட்டைதான் என்பது நம் ஊர்க்காரர்களுக்குத் தெரியும். 5160 என்று விளம்பரத்தில் போடுவது இந்த வகை எஃகைத்தான்: சுமார் 0.6 சதவீதக் கரி, கொஞ்சம் குரோமியம். பட்டை நல்லதாக இருந்தால் மட்டும் போதாது. நேபாளக் கொல்லர் பழுக்கக் காய்ச்சிய அலகை எடுத்து, கெட்டில் தண்ணீரைக் கூர்ப்பக்கம் மட்டும் முன்னும் பின்னுமாக ஊற்றுவார். கூர் சட்டென்று ஆறிக் கடினமாகும். முதுகு மெல்ல ஆறி வளைந்து கொடுக்கும் தன்மையோடு நிற்கும். நல்ல பட்டறையின் கத்தியில் அலகு அகன்று வெட்டும் வயிற்றுப் பகுதியின் கூர், கடினத்தை அளக்கும் ராக்வெல் சி அளவில் 55 முதல் 58 வரை இருக்கும். முதுகு அதில் பாதிக்குக்கூட வராது. அலங்காரக் கத்திக்கு இந்தத் தண்ணீர் வேலையே கிடையாது. அடித்து, அரைத்து, பளபளப்பாக்கி உறையில் போட்டுவிடுவார்கள். சிலசமயம் பதம் சரியாகவே ஏறியிருக்கும்; பிறகு பஃபிங் சக்கரத்தில் கை வைத்தால் சுடும் அளவையும் தாண்டிச் சூடாக்கி அதைக் கெடுத்திருப்பார்கள். கூர் நீலம் பாய்ந்திருந்தால் சூடு முந்நூறு டிகிரி வரை போயிருக்கிறது என்று அர்த்தம். பளபளப்பு அந்த நீலத்தையும் அழித்துவிடும். கண்ணாடிப் பளபளப்பைக் கண்டால் சந்தேகம் வர வேண்டியது அதனால்தான்.

சோதனைக்கு ஒரு பொடி அரம் போதும். வயிற்றுப் பகுதியின் கூரில், ஓர் அங்குல நீளத்துக்கு, அழுத்தாமல் ஒரே ஒரு முறை இழுங்கள். பதம் ஏறிய கூரில் அரம் வழுக்கிக்கொண்டு போகும். அதே அரம் முதுகில் நறநறவென்று பிடித்துப் பொடி உதிர்க்கும். இரண்டு இடத்திலும் ஒரே மாதிரி பிடித்தால் அது பதமில்லாத இரும்பு. இரண்டு இடத்திலும் வழுக்கினால் முழு அலகையும் கடினமாக்கியிருக்கிறார்கள். குளிர் இரவில் முடிச்சு மரத்தில் பட்டால் துண்டு தெறிக்கலாம். பிடிக்கு அருகிலும் நுனியிலும் அரம் சற்றுப் பிடிப்பது இயல்பு. தண்ணீர் அதிகம் விழுவது வயிற்றில்தான்.

காந்தத்தை வைத்து ‘ஒட்டுகிறது பாருங்கள், அசல் எஃகு’ என்று காட்டுவார்கள். ஏமாறாதீர்கள். கத்தி செய்யும் பெரும்பாலான ஸ்டெயின்லெஸ் வகைகளும் காந்தத்தில் ஒட்டும். எலுமிச்சைச் சாறு ஒரு சொட்டு விட்டுச் சில நிமிடம் பொறுத்தால் உண்மை தெரியும்: கரி எஃகு சாம்பல் நிறமாகக் கறுக்கும், ஸ்டெயின்லெஸ் அப்படியே இருக்கும். துடைத்து எண்ணெய் தடவிவிட்டால் ஆயிற்று.

இங்கே கடைக்காரர்கள் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. சக்கரத்தில் தீட்டிய புதுக் கூரில் மெல்லிய பிசிறு நிற்கும். முதல் நாலு வெட்டில் மடங்குவது பல நேரம் அந்தப் பிசிறுதான். சாணைக் கல்லில் இருபுறமும் தீட்டிப் பிசிறை எடுத்துவிட்டு மறுபடி வெட்டிப் பாருங்கள். அப்போதும் மடங்கினால்தான் பதம் இல்லை என்று முடிவுக்கு வர வேண்டும். மேலே சொன்ன கத்தி இரண்டாவது தடவையும் மடங்கியது, அரமும் கூரில் வெண்ணெய் போல இறங்கியது.

விரிசலைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஸ்பிரிங் பட்டை எண்ணெயில் தோய்க்க வேண்டிய வகை. அவசரத்தில் முழு அலகையும் தண்ணீரில் முக்கினால் மயிரிழை விரிசல் விழும். கூரிலும், பிடிக்கு முன்னால் உள்ள வெட்டுப்பள்ளத்தின் மூலையிலும்தான் அதிகம். மெக்கானிக் ஷெட்டில் செய்வதையே இதற்கும் செய்யலாம். மண்ணெண்ணெய் தடவிப் பத்து நிமிடம் விட்டு, நன்றாகத் துடைத்து, சாக்பீஸ் பொடியைத் தூவுங்கள். விரிசல் இருந்தால் எண்ணெய் கசிந்து கோடு காட்டும். அந்தக் கோட்டை அரைத்துச் சரிசெய்யலாம் என்று எவராவது சொன்னால் கும்பிடு போட்டுவிட்டு வாருங்கள்.

அந்த வெட்டுப்பள்ளத்தைக் காட்டிக் கதை சொல்வதும் விற்பனையில் ஒரு பகுதி. பசுவின் குளம்பு, சிவனின் திரிசூலம், ரத்தம் பிடிக்கு வராமல் தடுக்க என்று ஆளுக்கொன்று. உறையிலிருந்து எடுத்தால் ரத்தம் பார்க்காமல் போடக் கூடாது என்பது எல்லாவற்றையும் விடப் பழைய சரடு. கிழக்கு நேபாள மலைக்கிராமங்களில் காலை முதல் மாலை வரை விறகுக்கும் காய்கறிக்கும் இதே கத்தியைத்தான் எடுக்கிறார்கள். அலகில் அடித்திருக்கும் ராணுவ முத்திரைக்கும் எண்ணுக்கும் மதிப்பு எதுவும் இல்லை. முத்திரை அச்சு எந்தப் பட்டறையிலும் கிடைக்கும்.

அளவில்தான் புதியவர்கள் தாங்களே ஏமாறுகிறார்கள். முதுகு 10, 12 மில்லிமீட்டர் தடிமனில், ஒரு கிலோவுக்கு நெருங்கும் கத்தியைக் கையில் எடுத்தால் வீரமாகத்தான் இருக்கும். அரைமணி நேரத்தில் மணிக்கட்டு விட்டுப்போகும், களைத்த கையில்தான் விபத்தும். முகாம் வேலைக்கு எட்டு முதல் ஒன்பது அங்குல அலகு, முதுகு 6 முதல் 8 மில்லிமீட்டர், உறை இல்லாமல் ஐந்நூறு கிராமை ஒட்டிய எடை போதும். சிருபாத்தே என்பது ஒல்லியான வடிவம். பார்க்க அழகு, புதர் கிளை சீவ நல்லது, விறகு பிளக்கக் கனம் போதாது. போஜ்புரே அகன்ற வயிறும் கனமும் உள்ளது. முதுகோரம் பள்ளம் எடுத்த ஆங்கோலா, தடிமன் இருந்தும் எடை சற்றுக் குறைந்தது. முதல் கத்திக்கு வயிறு உள்ள, அலங்காரக் கோடுகள் இல்லாத எளிய வடிவம் எதுவானாலும் சரி.

இந்தியாவில் வைத்திருப்பவர்கள் அளவுகோலோடு போக இன்னொரு காரணமும் உண்டு. 2016 ஆயுத விதிகளில் கூரான ஆயுதங்கள் வரும் ஐந்தாம் வகையில் குக்ரி பெயர் சொல்லியே இடம்பெற்றிருக்கிறது. 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகு அதில் சிக்கும். வீட்டு, விவசாயப் பயன்பாட்டுக் கருவிகளுக்கு விலக்கு இருக்கிறது. ஆனால் குக்ரி அதில் சேருமா என்ற வாதத்தைச் சோதனைச் சாவடியில் நின்று செய்ய வேண்டாம். எல்லோரும் நீளத்தை அளக்கிறார்கள், வயிற்றின் அகலத்தை மறந்துவிடுகிறார்கள். விமானத்தில் கைப்பையில் கொண்டுபோக முடியாது. நன்றாகச் சுற்றிப் பெரிய பெட்டியில் வைத்து அனுப்ப வேண்டும்.

உறையை அதிகம் சோதிக்க வேண்டியதில்லை. இரண்டு மரப் பாதிகளைச் சேர்த்துத் தோல் போர்த்தியதுதான் தாப். மெத்தைமேல் தலைகீழாகப் பிடித்து உலுக்கினால் கத்தி விழக்கூடாது. உருவும்போது விரல்களால் உறையை முழுக்கச் சுற்றிப் பிடிக்காதீர்கள்; கூர்ப்பக்க மூட்டு திறந்துகொண்டால் நான்கு விரலும் அங்கேதான் இருக்கும். முதுகுப் பக்கமாக, உள்ளங்கையால் பிடிக்க வேண்டும். கூடவே வரும் இரண்டு குட்டிக் கத்திகளில் கர்தா சின்ன வேலைக்கு, சக்மக் கூரை நிமிர்த்த. சக்மக் அலகைவிட மென்மையாக இருந்தால் அது வெறும் ஒப்புக்குச் சப்பாணி.

இணையத்தில் வாங்குபவர்கள் பணம் கட்டுமுன் மூன்று படம் கேளுங்கள்: பிடியின் அடி நேராக, பிடியின் ஓரம், முதுகின் தடிமனை வெர்னியர் காலிப்பரோடு. பிறகு எழுத்தில் ஒரு கேள்வி: ‘காய்ந்த விறகை வெட்டிக் கூர் மடங்கினால் மாற்றித் தருவீர்களா?’ பட்டறை வைத்திருப்பவர் இதற்குக் கோபப்பட மாட்டார். பார்சலைப் பிரிக்கும்போது வீடியோ எடுங்கள். சோதனையின் வரிசையும் முக்கியம். முதலில் தட்டிக் கேட்பது, அடிப்பொட்டைப் பார்ப்பது, மண்ணெண்ணெய். இவை எதுவும் தடம் விடாது. எலுமிச்சை கறை விடும், அரம் சின்னக் கோடு போடும், அதனால் இரண்டும் கடைசியில். இத்தனையும் முடியும்வரை மரத்தில் ஒரு வெட்டுகூட வேண்டாம். ‘பயன்படுத்திய பொருள்’ என்ற பதிலுக்கு நாமே வழி விட்டவர்களாகிவிடுவோம்.

அந்தச் சிங்கத் தலைக் கத்தியைத் தேற்ற முடியுமா என்றால், பாதி முடியும். குட்டை வாலோடு ஒரு கம்பியைப் பற்றவைத்து நீட்டி, எபாக்ஸி ஊற்றி ஒரு நாள் உலரவிட்டால் பிடி நிற்கும். ஆனால் பற்றவைத்த இடம் வெட்டின் அதிர்ச்சியைத் தாங்கும் என்று நம்பி வீச முடியாது. எஃகு நல்லதாக இருந்தால் கொல்லரிடம் கொடுத்துப் பதம் ஏற்றலாம். அலகை மறுபடி காய்ச்ச வேண்டும், பளபளப்பு போகும், கோணல் விழும் வாய்ப்பும் உண்டு. கூலியையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தால் நல்ல பனாவல் ஒன்றின் விலைக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது. அது இப்போது சுவரில் தொங்குகிறது, சிங்கத்தை மறுபடி ஒட்டியாகிவிட்டது.