பழைய வீல் அலைன்மென்ட் கருவி: வீட்டுப் பட்டறைக்கு பபிள் கேஜா, லைட் மெஷினா?

சக்கரங்களின் சாய்வையும் திசையையும் சரிபார்க்கும் வீல் அலைன்மென்ட் கடைக்காரர்கள் 3டி கேமராவுக்கு மாறிவிட்டதால் பழைய அலைன்மென்ட் கருவிகள் காயலான் கடை விலைக்கே கிடைக்கின்றன. வீட்டோடு ஒரு ஷெட் போட்டு மாருதி 800, ஜீப், அம்பாசடர் என்று வைத்துப் பார்ப்பவர்களுக்கு மூன்று வழி இருக்கிறது. ஒன்று, ஹப்பில் (சக்கரத்தின் நடுப்பகுதி) காந்தத்தால் ஒட்டி, குமிழியால் சாய்வைக் காட்டும் பபிள் கேஜும், சக்கரம் நின்றபடியே திரும்ப உதவும் ஒரு ஜோடி டர்ன்டேபிள் தட்டுகளும். இரண்டு, ஹண்டர் (Hunter), பேர் (Bear) போன்ற அமெரிக்கக் கம்பெனிகள் ஒரு காலத்தில் பரப்பிய, ஒளிக்கற்றையைச் சுவர் அட்டையில் பாய்ச்சும் லைட் மெஷின். மூன்று, 3டி கேமராவுக்கு முந்தைய கணினி மெஷின். என் ஓட்டு பபிள் கேஜுக்குத்தான்.

கணினி மெஷினை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். சக்கரங்களில் மாட்டும் நான்கு சென்சார் தலைகளில் ஒன்று கீழே விழுந்திருந்தாலும் மொத்த அளவும் சந்தேகத்துக்குரியது. பேட்டரி செத்திருக்கும், மென்பொருள் பழைய விண்டோஸில்தான் ஓடும், மென்பொருளுக்குச் சாவியான டாங்கிள் தொலைந்திருந்தால் திரையே வராது. அதை வாங்குபவர் பட்டறை வேலையை விட்டுவிட்டு எலக்ட்ரானிக்ஸ் வேலை பார்க்க வேண்டியிருக்கும்.

லைட் மெஷின் அப்படியல்ல, அழகான கருவி. சில மாடல்களில் புரொஜெக்டர் சக்கரத்திலேயே மாட்டப்படும். சிலவற்றில் சக்கரத்தில் கண்ணாடியும் எதிரே புரொஜெக்டரும் இருக்கும். கண்ணாடி ஒரு டிகிரி சாய்ந்தால் ஒளி இரண்டு டிகிரி திரும்பும். ஆகவே அட்டை 2.5 மீட்டர் தள்ளி இருந்தால் 0.1 டிகிரி மாற்றமே கிட்டத்தட்ட 9 மி.மீ. நகர்வாகத் தெரியும். சக்கரத்தின் திசையைத் திருத்தும் டை ராடைத் திருகத் திருக வெளிச்சம் நகர்வதைக் கண்ணால் பார்க்கலாம். இந்தச் சுகம் பபிள் கேஜில் இல்லை.

ஆனால் வீட்டில் தினமும் எழும் கேள்வி வேறு: இன்று கருவி காட்டும் பூஜ்ஜியம் உண்மையிலேயே பூஜ்ஜியமா? லைட் மெஷினின் பூஜ்ஜியம் தரை, ஸ்டாண்டு, அட்டை, ரிம் கிளாம்ப் எல்லாம் சேர்ந்து உண்டாவது. யாராவது ஸ்டாண்டில் சாய்ந்து நின்றாலோ, இரவு ஸ்கூட்டரை உள்ளே விடும்போது இடித்தாலோ போயிற்று. மறுபடி சரிபார்க்க, இரண்டு டர்ன்டேபிளுக்கும் நடுவே வைக்கும் நேர்த் தண்டு வேண்டும். பழைய மெஷினோடு அது வருவது அபூர்வம். லேத்தில் போட்டுத்தான் எடுக்க வேண்டும். மாடலுக்கேற்ற பழைய பல்பு கிடைக்காமல் வேறொன்றைப் போட்டால் இழை இடம் மாறி ஒளிப் புள்ளி மங்கும். ஈரப்பதமான ஊர்களில் லென்ஸில் பூஞ்சை பிடிக்கும்.

பபிள் கேஜுக்கு ஒரு கனமான இரும்புத் தகடு போதும். இரு முகமும் இணையாக, வழவழப்பாக மெஷின் செய்த தகடை வைஸில் நிமிர்த்திப் பிடியுங்கள். கேஜை ஒரு முகத்தில் ஒட்டிப் படியுங்கள், பிறகு மறு முகத்தில் ஒட்டிப் படியுங்கள். ஒரு பக்கம் +0.3, மறு பக்கம் −0.3 என்றால் கேஜ் சரி, தகடுதான் சாய்ந்திருக்கிறது. +0.5, −0.1 என்று வந்தால் இரண்டையும் கூட்டிப் பாதியாக்குங்கள்: 0.2 டிகிரி பிழை, கேஜினுடையது. குழாயின் ஓரத்துத் திருகை அந்த அளவுக்குத் திருப்பினால் தீர்ந்தது. ஐந்து நிமிடம் ஆகாது, வெளியாள் யாரும் வேண்டாம். நம் ஊர் மதிய வெயிலில் திரவம் விரிந்து குமிழி சுருங்கும் என்பதால் குமிழியின் ஓரத்தைப் படிக்காமல் நடுவைப் படிக்க வேண்டும். குழாய் மஞ்சளடித்து, கோடுகள் அழிந்திருந்தால் அந்தக் கேஜை வாங்காதீர்கள்.

காந்தம் ஒட்டும் இடத்திலும் கவனம் வேண்டும். ஹப் முகத்தில் துருவோ பெயின்ட்டோ ஒரு துணுக்கு இருந்தாலும் அளவு கெடும். கிரீஸ் மூடியைக் கழற்றி, ஒயர் பிரஷ் போட்டு, துணியால் துடைத்த பிறகே ஒட்டுங்கள். தட்டையான முகம் கிடைக்காத ஹப்பில் ரிம் கிளாம்ப் பயன்படுத்தினால், ஒரு முறை படித்து, சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி அரைச் சுற்று சுற்றி இறக்கி மறுமுறையும் படித்து, சராசரியையே எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் கோணலான ரிம்மைத்தான் அளந்துகொண்டிருப்போம்.

எந்தக் கருவியானாலும் தரை மட்டம் முக்கியம். மாருதி 800-இன் முன் சக்கரங்களுக்கு இடையே 1215 மி.மீ.; ஒரு பக்கம் 2 மி.மீ. தாழ்ந்தாலே கேம்பர் (முன்னாலிருந்து பார்க்கும்போது சக்கரத்தின் சாய்வு) 0.1 டிகிரி பொய் சொல்லும். கொத்தனார் வைத்திருக்கும் டியூப் லெவலால் நான்கு சக்கரம் நிற்கும் இடத்தையும் குறியுங்கள். குழாயில் காற்றுக் குமிழி மாட்டியிருந்தால் மட்டம் தப்பாக வரும், அதை முதலில் வெளியேற்றுங்கள். தாழ்ந்த இடத்தில் தகர ஷீட், வினைல் டைல் வைத்து ஏற்றி, எது எந்த மூலைக்கு என்று பெயின்ட்டில் எழுதி வைப்பது நல்லது. பின் சக்கரத்தை மறந்துவிடுபவர்கள் அதிகம். 45 மி.மீ. உயர டர்ன்டேபிளில் முன்பக்கத்தை மட்டும் ஏற்றினால், 2175 மி.மீ. வீல்பேஸில் வண்டி 1.2 டிகிரி மூக்கைத் தூக்கி நிற்கும். காஸ்டர் (பக்கத்திலிருந்து பார்க்கும்போது சக்கரம் திரும்பும் அச்சின் சாய்வு) அவ்வளவும் கூடுதலாகக் காட்டும். பின்னாலும் அதே உயரத்துக்கு மரக்கட்டை கொடுங்கள்.

டர்ன்டேபிளுக்கு கிரீஸ் அடைக்க வேண்டாம். தூசி பிடித்து இறுகிவிடும், லேசான எண்ணெய் போதும். கையால் தள்ளினால் தட்டு எல்லாப் பக்கமும் வழுக்க வேண்டும். வண்டி ஏறி நின்ற பிறகே தட்டைப் பூட்டியிருக்கும் பின்னை (pin) உருவி, முன்பக்கத்தை இரண்டு மூன்று முறை அமுக்கிவிட்டு அளவெடுங்கள்.

காஸ்டரை அளக்க, சீட்டுக்கும் பிரேக் பெடலுக்கும் நடுவே கட்டை முட்டுக் கொடுத்து, சக்கரத்தை வெளிப்பக்கம் 20 டிகிரி திருப்பி கேம்பரைக் குறியுங்கள், உட்பக்கம் 20 டிகிரி திருப்பி மறுபடி குறியுங்கள். முதல் அளவிலிருந்து இரண்டாவதைக் கழித்து 1.46-ஆல் பெருக்கினால் காஸ்டர். வெளியே +1.5, உள்ளே −0.5 என்றால் வித்தியாசம் 2, காஸ்டர் சுமார் 2.9 டிகிரி. காஸ்டர் அளவுகோல் உடைந்த கேஜ் மலிவாகக் கிடைத்தால் இந்தக் கணக்கே போதும். 800-இல் கேம்பர், காஸ்டருக்குத் திருத்தமே கிடையாது. அங்கே இந்த அளவு அடிபட்ட ஸ்ட்ரட்டை (முன் சக்கரத்தைத் தாங்கும் ஷாக் அப்சார்பர் தூண்) கண்டுபிடிக்கத்தான். ஜீப்பில் ஸ்பிரிங்குக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவே ஆப்புத் தகடு வைத்துக் காஸ்டரை மாற்றலாம்.

பபிள் கேஜ் டோ (மேலிருந்து பார்க்கும்போது சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) பார்க்காது. இது அதன் பெரிய குறை. மீன்பிடி நரம்பை வண்டியின் இரு பக்கமும் ஹப் உயரத்தில் கட்டிப் பார்க்க வேண்டும். 800-இன் பின் சக்கர இடைவெளி 1200 மி.மீ. என்பதால், நரம்பு முன் ஹப்பைவிடப் பின் ஹப்பிலிருந்து 7.5 மி.மீ. கூடுதலாக விலகி இருக்க வேண்டும். இதை விட்டுவிட்டு நாலு இடத்திலும் ஒரே தூரம் வைத்தால் ஸ்டியரிங் நேராக இருக்கும்போதே இரு சக்கரமும் கோணலாகத் தெரியும். டன்லப்பின் பழைய கண்ணாடி-பெரிஸ்கோப் கேஜ் கிடைத்தால் முன் சக்கர டோவுக்கு நரம்பைவிட வேகம்; ஆனால் பின் ஆக்ஸில் நேராக இருக்கிறதா என்று அது சொல்லாது.

மேலே சொன்னதெல்லாம் காருக்கும் ஜீப்புக்கும். இரட்டை ஆக்ஸில் லாரிக்கு இதே முறையைச் சிபாரிசு செய்ய மாட்டேன். வாரம் பத்து வண்டி வந்து, இருட்டாக்கக்கூடிய நீளமான ஷெட் தனியாக இருந்தால் லைட் மெஷினையே எடுங்கள். வாங்கும் முன் இரண்டு கிளாம்பையும் ஒரே ரிம்மில் மாறி மாறி மாட்டி, சக்கரத்தைச் சுற்றிப் பாருங்கள். ஒன்றில் மட்டும் ஒளிப் புள்ளி பெரிய வட்டமடித்தால் அந்தக் கிளாம்ப் வளைந்திருக்கிறது, விலையை அதற்கேற்பக் குறையுங்கள்.