போட்டுக்கு ப்ளொட்டர், ஏஐஎஸ் பூட்டப் போறவங்க காசு குடுக்க முதல் இத வாசிங்க

கொழும்பு மோதரைல எங்க மாமாட மல்டிடே போட் (பல நாள் கடல்ல நிண்டு மீன் பிடிக்கிற போட்) நிக்குது. புதுசா ப்ளொட்டர் (போட் நிக்கிற இடத்த மேப்புல காட்டுற ஸ்க்ரீன்), ஜிபிஎஸ் அன்டெனா, ஏஐஎஸ் (சுத்தி வர்ற கப்பல் அனுப்புற சிக்னல வாங்கி ஸ்க்ரீன்ல காட்ட வைக்கிற கருவி), விஎச்எஃப் ரேடியோ (கடல்ல பேசுற ரேடியோ) எல்லாம் வாங்கி ஒண்டோட ஒண்டு கனெக்ட் பண்ணித் தர புறக்கோட்டைப் பக்கம் ஒருத்தர பிடிச்சோம், பேர் போடல. கூலி மட்டும் 85,000 ரூபா. ரெண்டு மணித்தியாலத்துல முடிச்சிட்டு, "மேப் வருது பாருங்க முதலாளி, எல்லாம் சரி"ன்னு காச வாங்கிட்டு போயிட்டாரு.

மொத ட்ரிப்லயே ப்ளொட்டர்ல போட் நிக்கிற இடம் அடிக்கடி விட்டுப் போகுது, கொஞ்சம் கழிச்சி தானா வருது, திரும்ப போகுது. ராவைல ஹாபர் பக்கமா வர்ற பெரிய கொள்கலன் கப்பல் ஒண்டு நேரா வருது, ஸ்க்ரீன்ல ஒரு புள்ளி கூட இல்ல! வெளிநாட்டுக்கு ஓடுற 300 டன்னுக்கு மேல உள்ள கப்பல்ல ஏஐஎஸ் இருந்தே ஆகணும், அப்ப எங்கட செட்டு ஏன் காட்டல? மாமாட மகன் முழிச்சிருந்து லைட்ட கண்டபடியாத்தான் போட்ட திருப்பினான், இல்லாட்டி அந்த ஆறு பேரும்... நினைக்கவே கை நடுங்குது.

கரைக்கு வந்து கோல் எடுத்தா, "ப்ளொட்டர்தான் பழுது, என்கிட்ட வேற ஒண்டு இருக்கு, எடுங்க"ங்கிறாரு. மாமா காசு குடுக்கவே ரெடி ஆயிட்டாரு. நான் தான் பொறுங்க மாமான்னு இந்த வேலை தெரிஞ்ச வேற ஒரு தம்பிய கூட்டி வந்து காட்டினேன்.

அவர் கரண்ட ஓஃப் பண்ணிட்டு, கருவிகள ஒண்டோட ஒண்டு சேக்கிற என்எம்இஏ 2000 கேபிள்ல வெள்ளை வயருக்கும் நீல வயருக்கும் நடுவுல மீட்டர வச்சாரு. 120 ஓம் காட்டிச்சு. மெயின் கேபிள்ட ரெண்டு பக்கத்துலயும் 120 ஓம் டெர்மினேட்டர் (கேபிள் முனைல பூட்டுற ரெசிஸ்டர்) ஒவ்வொண்டு இருக்கணும், அப்படி இருந்தா மீட்டர் 60 கிட்ட காட்டணுமாம். மொதல்ல பூட்டின ஆள் பில்லுல ரெண்டுக்கு காசு எடுத்திருக்காரு, பூட்டினது ஒண்டு. மத்தப் பக்கம் டேப் சுத்தி விட்டிருக்கு. இப்பிடி இருந்தா சில நேரம் வேலை செய்யும், சில நேரம் விட்டுப் போகும், அதான் நடந்திருக்கு. கப்பல் காட்டாததுக்கு காரணம் வேற: ஏஐஎஸ் பழைய மாதிரி என்எம்இஏ 0183 வயர்ல 38,400 ஸ்பீட்ல அனுப்புது, ப்ளொட்டர்ல அந்த போர்ட் 4800ல கிடக்கு, ரெண்டும் ஒத்துப் போகல. மெனுவுல மாத்தினதும் ஹாபர்ல நிண்ட கப்பல் எல்லாம் ஒவ்வொண்டா வந்துச்சு, ஒரு நிமிஷ வேலை. ப்ளொட்டர்ல ஒரு பழுதும் இல்ல.

எனக்கு தாங்க முடியாதது ரேடியோ விசயம் தான். ஜிபிஎஸ் வயர கனெக்ட் பண்ணவே இல்ல, சுருட்டி உள்ளுக்கு தள்ளியிருக்கு. ஆபத்துல சிவப்பு பட்டன அமத்தினா 70ம் சேனல்ல மெசேஜ் போகும், ஆனா போட் எங்க நிக்குதுன்னு அதுல இருக்காது. நடுக்கடல்ல யாரு எங்க போய் தேடுறது? உங்கட ரேடியோ ஸ்க்ரீன்ல அட்சரேகை, தீர்க்கரேகை நம்பர் தானா வருதான்னு இண்டைக்கே பாருங்க, வரல்லன்னா போட்ட கடலுக்கு விடாதீங்க.

அந்த ஆள் இப்ப போன் எடுக்கிறதே இல்ல. புறக்கோட்டைல யாரும் "மேப் வருது, சரி"ன்னு சொன்னா அதோட விட்டுடாதீங்க, மீட்டர வச்சி 60 காட்டச் சொல்லுங்க, ஏஐஎஸ்ல கப்பல் வருதான்னு காட்டச் சொல்லுங்க, பிறகு காச குடுங்க. பில்லும் கழட்டின வயரும் என்கிட்ட இருக்கு, மோதரை ஆக்கள் பாக்கணும்னா வாங்க.