நிகோட்டின் சூயிங்கம்: 12 வாரம் மென்ற பிறகு

"2 மி.கி. வாங்கினேன். விக்கலும் நெஞ்செரிச்சலும்தான் மிச்சம், சிகரெட் நினைப்பு போகலை" என்று, சிகரெட்டை விட இந்தக் கம்மை மென்று பார்த்த திருநகர் நண்பர் கேட்டிருந்தார். அவருக்கு என் முதல் கேள்வி: டீ எப்போது குடித்தீர்கள்?

மதுரையில் இந்தக் கம் தோற்பது பெரும்பாலும் டீக்கடையில்தான். நிகோட்டின் கன்னத்தின் உள்சதை வழியாக ரத்தத்தில் இறங்க வேண்டும். அதற்கு எச்சிலில் காரத்தன்மை (புளிப்புக்கு எதிரானது) வேண்டும் என்றுதான் கம்மிலேயே கார்பனேட் உப்பு சேர்க்கிறார்கள். காபி, கோலா, எலுமிச்சை சோடா எல்லாம் வாயைப் புளிப்பாக்கிவிடும். டீயையும் அதே கணக்கில் வையுங்கள். குடித்த கையோடு மென்றால் நிகோட்டின் எச்சிலோடு வயிற்றுக்குப் போகும், கல்லீரல் பெரும்பகுதியைச் சிதைத்துவிடும். ஏக்கம் அப்படியே நிற்கும், விக்கல் மட்டும் வரும். மெல்லும் முன் 15 நிமிடமும், வாயில் இருக்கும் வரையிலும் தண்ணீர் தவிர எதுவும் வேண்டாம்.

மெல்வதும் சாதாரண சூயிங்கம் மாதிரி இல்லை. மிளகுக் காரம் சுள்ளென்று தெரியும்வரை மெதுவாக மென்று, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்க வேண்டும். ஒரு நிமிடத்தில் காரம் அடங்கும். மறுபடி மென்று, இடம் மாற்றி ஒதுக்கலாம். ஒரு கம் அரை மணி நேரம் வரும்.

எனக்கு எரிச்சல் இதில்தான்: மருந்துக்கடையில் பட்டையைக் கத்தரித்துக் கொடுக்கிறார்கள், இதெல்லாம் எழுதிய தாள் பெட்டியோடு கடையிலேயே தங்கிவிடுகிறது. "மெல்லுங்க சார்" என்பதோடு சரி. முழுப் பெட்டியாகக் கேட்டு வாங்குங்கள்.

எழுந்த அரை மணிக்குள் முதல் சிகரெட் பிடிப்பவருக்கு 2 மி.கி. பத்தாது, 4 மி.கி.க்கு டாக்டர் சீட்டு வேண்டும். முதல் 6 வாரம் 1–2 மணி நேரத்துக்கு ஒன்று, அடுத்த 3 வாரம் 2–4 மணி நேரத்துக்கு ஒன்று, கடைசி 3 வாரம் 4–8 மணி நேரத்துக்கு ஒன்று. நாளுக்கு 24-ஐத் தாண்டக் கூடாது. பல்செட் போட்டவர்களுக்குக் கம் ஒட்டிக்கொண்டு தொல்லை.

ஒழுங்காக மென்றால் நன்றாகவே கேட்கும் மருந்து. ஆனாலும் நண்பருக்கு இந்தக் கம்மைப் பரிந்துரைக்க மாட்டேன். நாளுக்கு ஏழெட்டு டீ குடிப்பவர் ஒவ்வொரு முறையும் கடிகாரம் பார்க்க முடியாது. அவருக்குத் தோலில் ஒட்டும் நிகோட்டின் பேட்ச்தான் சரி: நாளுக்குப் பத்து சிகரெட்டுக்கு மேல் பிடிப்பவர் 21 மி.கி.யில் தொடங்கலாம். காலையில் குளித்து, நன்றாகத் துடைத்து, முடியில்லாத இடத்தில் ஒட்டி, பத்து விநாடி அழுத்திப் பிடிக்க வேண்டும். தினம் இடம் மாற்றணும். சித்திரை வெயிலில் வேர்த்து ஓரம் கிளம்பும், அடிக்கடி தொட்டுப் பாருங்கள். இதய நோய் இருந்தால் டாக்டரைக் கேட்காமல் எதையும் தொடங்க வேண்டாம். சந்தேகம் இருந்தால் 1800-11-2356, புகையிலையை விட உதவும் தேசிய உதவி எண், கட்டணமில்லை.