பச்சை விளக்கை நம்பி ரீபில்டைத் தொடங்கவிடாதீர்கள்: பழைய டிஸ்கைப் புதியதென்று விற்ற கடையிடம் நான் பட்டது

ஈரோட்டில் கல்யாணப் படங்களும் வீடியோக்களும் எடுக்கும் சிறிய ஸ்டுடியோ ஒன்றை நடத்தி வருகிறேன். எங்கள் வேலைகள் அனைத்தும் நான்கு டிஸ்க் கொண்ட ஒரு நாஸ் பெட்டியில் (நெட்வொர்க் வழியாகக் கோப்புகளைச் சேமிக்கும் கருவி) இருக்கின்றன. ஒவ்வொன்றும் 4 டெராபைட் கொண்ட அந்த நான்கும் ரெய்டு 5 முறையில் ஒரே வரிசையாகக் கட்டப்பட்டவை. அதில் ஒரு டிஸ்க் பழுதானால் மற்ற மூன்றையும் முழுமையாகப் படித்து இழந்ததைக் கணக்கிட்டுப் புதிய டிஸ்கில் மீட்கலாம்; இதுதான் ரீபில்டு. அது முடிவதற்குள் இரண்டாவதும் போனால் எல்லாம் போய்விடும். பழைய வேலைகளுக்கு வேறு பிரதி வைத்திருந்தேன். கடைசி எட்டு மாத வேலைகளுக்கு இல்லை.

ஆறு ஆண்டுகள் ஓடிய அந்தப் பெட்டியில் மூன்றாவது டிஸ்க் ஒருநாள் காலையில் சிவப்பு விளக்குடன் அலறியது. பெட்டியை விற்ற கடைக்கே சொன்னேன். அங்கிருந்து வந்தவர் பத்து நிமிடத்தில் பழைய டிஸ்கை உருவிவிட்டு, உறை பிரிக்காத ஒன்றைச் செருகி, 11,500 ரூபாய்க்கு ரசீது எழுதினார். பழையதை எக்ஸ்சேஞ்ச் என்று சொல்லிக் கையோடு எடுத்துக்கொண்டார். மற்ற மூன்றையும் சோதிக்க வேண்டாமா என்று கேட்டேன். "மூணுலயும் பச்சை லைட்தானே சார் எரியுது" என்று சொல்லி ரீபில்டைத் தொடங்கிவிட்டுப் போனார்.

பச்சை விளக்குக்கு, அந்த டிஸ்க் இன்னும் வரிசையிலிருந்து வெளியேற்றப்படவில்லை என்பது மட்டுமே பொருள். அது நலமாக இருக்கிறது என்பதற்கு அது சான்று ஆகாது. ஒரே நாளில் வாங்கி, ஒரே அளவு உழைத்த டிஸ்குகளில் ஒன்று தளர்ந்துவிட்டால் மற்றவற்றையும் ஐயத்தோடுதான் பார்க்க வேண்டும். மேலும் எங்களுடையதைப் போன்ற டிஸ்குகளுக்குத் தயாரிப்பாளர்களே தரும் அளவுகோல், ஏறக்குறைய 12.5 டெராபைட் படிக்கையில் ஒரு படிப்புப் பிழை நேரக்கூடும் என்பது. எங்கள் ரீபில்டோ மூன்று டிஸ்குகளிலிருந்தும் 12 டெராபைட்டைப் படித்தாக வேண்டும். அன்றிரவு 71 விழுக்காட்டில் இரண்டாவது டிஸ்கும் வெளியேற்றப்பட்டு, பெட்டி நின்றுபோனது.

மறுநாள் தொலைபேசியில் அவர் சொன்ன வழி, இனிஷியலைஸ் செய்து, அதாவது இருப்பதையெல்லாம் அழித்து, புதிதாகத் தொடங்கலாம் என்பது. நல்லவேளையாக அதற்கு முன் சர்வர் வேலையில் இருக்கும் அக்கா மகனை அழைத்தேன். "மாமா, எதையும் அழுத்தாதீங்க. ஆஃப் பண்ணிட்டு, எந்த டிஸ்க் எந்த இடத்துல இருந்ததுன்னு எழுதி ஒட்டுங்க" என்றான். அந்த ஒரு சொல்தான் எங்களைக் காத்தது.

ஞாயிற்றுக்கிழமை வந்து ஒவ்வொரு டிஸ்கின் ஸ்மார்ட் பதிவையும், அதாவது டிஸ்க் தன் நிலையைத் தானே குறித்துவைக்கும் பதிவையும், படித்துக் காட்டினான். இரண்டாவது டிஸ்கில், படிக்க முடியாமல் நிலுவையில் நிற்கும் செக்டர்களை (டிஸ்கின் சிறு பகுதிகளை) காட்டும் 197 ஆம் எண் குறிப்பில் 312 என்று இருந்தது. இரண்டு நிமிடச் சோதனையில் தெரிந்திருக்கும் இதைப் பாராமல் ரீபில்டைத் தொடங்கியதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

புதியதென்று விற்கப்பட்ட டிஸ்கின் சங்கதி இன்னும் மோசம். அதன் ஸ்மார்ட் பதிவு 11 மணி நேரம் மட்டுமே ஓடியதாகக் காட்டியது. ஆனால் அது சீகேட் டிஸ்க். அவற்றில் ஃபார்ம் என்று தனியாக ஓர் உள்பதிவு உண்டு. ஸ்மார்ட்மான்டூல்ஸ் என்ற நிரலின் 7.4 பதிப்பில் அதைப் படித்தபோது 31,200 மணி நேரம் என்று வந்தது. ஆண்டுக்கு 8,760 மணி நேரம் என்ற கணக்கில் மூன்றரை ஆண்டுகளுக்கு மேல் இடைவிடாமல் உழைத்த டிஸ்க் அது! 2025 தொடக்கத்தில் ஐரோப்பாவில் இப்படி ஸ்மார்ட் மணிக்கணக்கை அழித்த டிஸ்குகள் புதியவையாக விற்கப்பட்டது அம்பலமானதும் இதே பதிவால்தான்.

மீட்ட விதத்தையும் சொல்லிவிடுகிறேன், இதே நிலையில் இருப்பவருக்கு உதவலாம். பழுதான இரண்டாவது டிஸ்கை வரிசையில் வைத்து மேலும் வதைக்காமல், டிடிரெஸ்க்யூ என்ற நிரலால் நல்ல டிஸ்க் ஒன்றுக்கு அப்படியே பிரதி எடுத்தான். படிக்க மறுத்த இடங்களை விட்டுவிட்டு, இறுதியில் அவற்றுக்குத் திரும்பிவரும் நிரல் அது. பிறகு முதலாவது, இரண்டாவதன் பிரதி, நான்காவது ஆகிய மூன்றையும் கொண்டு, எதையும் எழுத இடம் தராமல் வரிசையைத் திறந்தான். ஏறக்குறைய எல்லாம் வந்தன. ஒரு வீட்டாரின் முகூர்த்த வீடியோவில் மட்டும் சில நொடிகள் சிதைந்துவிட்டன. நேரில் போய்ச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன்.

கடைக்காரரோ, தாங்கள் கொடுத்தது இந்த டிஸ்கே அல்ல என்கிறார். ரசீதில் சீரியல் எண் இல்லாததால் எனக்குப் பிடிமானம் இல்லை. ஆகவே அந்த எண்ணை எழுதாத ரசீதுக்குப் பணம் தராதீர்கள். டிஸ்கைச் செருகுவதற்கு முன் தயாரிப்பாளரின் தளத்தில் அதற்கு வாரண்டி இருக்கிறதா என்று பாருங்கள். மற்ற டிஸ்குகளைச் சோதித்து, எடுக்க முடிந்த பிரதியை எடுத்த பிறகே ரீபில்டு செய்ய ஒப்புக்கொள்ளுங்கள். கழற்றிய டிஸ்கை யாரிடமும் கொடுக்காதீர்கள். அதில் வாடிக்கையாளர்களின் குடும்பப் படங்கள் துண்டு துண்டாக இருக்கும்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். பணத்தைவிட முதன்மையாக நான் கேட்டிருப்பது, அவர் எடுத்துப்போன எங்கள் பழைய டிஸ்கை. அது இன்னும் வரவில்லை.