ஆன்ட் லிடியாவைப் படிக்க: 1985ஆ, 2019ஆ?

அண்ணா நூற்றாண்டு நூலக வாசலில் தோழி கேட்டாள்: பெண்களைப் பெண்களே நசுக்கும் கதை வேண்டும், கனடிய எழுத்தாளர் மார்கரெட் அட்வுட்டின் இரண்டு நாவல்களில் எதை எடுக்கட்டும்? இரண்டும் பெண்களின் உரிமைகளைப் பறித்த கிலியட் என்ற கற்பனை நாட்டில் நடப்பவை.

யார் சொல்வது?
த ஹேண்ட்மெய்ட்ஸ் டேல் (1985): நசுக்கப்படுகிறவள்.
த டெஸ்டமென்ட்ஸ் (2019): மூன்று பேர், அதில் ஒருத்தி நசுக்கியவளே.

ஏன் செய்கிறார்கள்?
முதலாவதில், பிள்ளை பெற்றுத் தர அடிமையாக்கப்பட்ட பெண்களை அடக்கிப் பழக்குகிறவள் லிடியா; அவள் மனசு நமக்குத் தெரியாது. ஆன்ட் என்று பாசமான பட்டம் (நம்மூர் ஆன்ட்டிகள் மன்னிக்க), இடுப்பில் மாடு விரட்டும் மின்கோல். ஆனால் அதே நாவலில் உயரதிகாரி ஒருவரின் மனைவி செரீனா ஜாய் இருக்கிறாள். பெண் வீட்டில்தான் இருக்கணும் என்று ஊரெல்லாம் பேசியவள், அது சட்டமானதும் பேச இடமில்லாமல் வீட்டிலேயே முடங்கி, அந்த ஆத்திரத்தை எல்லாம் தனக்குக் கீழே இருப்பவள் மேல் கொட்டுகிறாள்.
இரண்டாவதில் லிடியா முன்னாள் நீதிபதி. ஸ்டேடியத்தில் அடைத்து, தனியறையில் போட்டு உடைத்து, பிறகுதான் அதிகாரம் தருகிறார்கள்.

வேகம்?
முதலாவது மெதுவாகப் போகும்.
இரண்டாவது த்ரில்லர் ஓட்டம், மெட்ரோவிலேயே முடிக்கலாம்.

மாமியார் மருமகள் அரசியல் மாதிரி வீட்டுக்குள் நடப்பது வேண்டுமென்றால் செரீனாவிடம் போங்கள். ஒருத்தி எப்படி விலைபோகிறாள் என்று பார்க்க லிடியா. எனக்கு செரீனாதான் அதிகம் உறுத்தினாள், அவளை யாரும் ஸ்டேடியத்தில் அடைக்கவில்லையே.