கடவுச்சொல் பெட்டி: பல ஆண்டு அனுபவமும் தீராத ஒரு கோபமும்

ஒரு சங்கத்தின் இணையதளத்துக்கு உறுப்பினர் உள்நுழைவுப் பக்கம் எழுதப்போகும் நண்பர் இரண்டு கேள்விகள் கேட்டிருந்தார். இணையப் பக்கங்களை எழுதும் மொழியான எச்டிஎம்எல்லின் எந்தத் தரத்தில், அதாவது எந்தப் பதிப்பின் விதிப்படி, எழுதுவது? கடவுச்சொல்லைக் கரும்புள்ளிகளால் மறைப்பதா, வேண்டாமா? அவருக்கு இவை தனித்தனிக் கேள்விகள். இந்தப் பெட்டியைப் பல ஆண்டுகளாகப் பக்கங்களில் வைத்துவரும் எனக்கு இவற்றைப் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

கடவுச்சொல் பெட்டி 1995-இல் வந்த எச்டிஎம்எல் 2.0-விலேயே உண்டு. அடிப்பதைத் திரையில் காட்டாதே என்பதுதான் அதற்கு இட்ட வேலை. அது எதையும் பூட்டுவதில்லை, பிறர் படிக்க முடியாதபடி குறியாக்கம் செய்வதும் இல்லை. படிவத்தைத் தவறிப்போய், விவரங்களை முகவரியோடு ஒட்டி அனுப்பும் ‘கெட்’ முறையில் அனுப்பினால், புள்ளிகளுக்குப் பின்னால் ஒளிந்திருந்த கடவுச்சொல் முகவரிப் பட்டையில் பச்சையாக வந்து நிற்கும். இது தெரியாமல் புள்ளிகளைப் பார்த்தே பாதுகாப்பு என்று நம்புகிறவர்கள் ஏராளம்.

நான் இந்தத் தொழிலுக்கு வந்தபோது எச்டிஎம்எல்லை எக்ஸ்எம்எல் என்ற மொழியின் கறாரான இலக்கணத்தில் எழுதும் எக்ஸ்எச்டிஎம்எல் 1.0 ஸ்டிரிக்ட் கோலோச்சியது. எல்லாம் சிற்றெழுத்தில், எல்லா மதிப்புக்கும் மேற்கோள் குறி, திறந்த ஒவ்வொரு குறிச்சொல்லுக்கும் மூடல். அந்த ஒழுங்கு எனக்குப் பிடித்திருந்தது, இன்றும் பிடிக்கிறது. ஆனால் அதை முறைப்படி எக்ஸ்எம்எல்லாக அனுப்பினால், இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 8 வரை பக்கத்தைக் காட்டவே தெரியாது. ஃபயர்ஃபாக்ஸோ, எங்கோ ஓர் இணைப்பில் ஆம்பர்சண்ட் (&) குறி ஒன்று சரியாக எழுதப்படவில்லை என்றால் முழுப் பக்கத்தையும் தூக்கிப் போட்டுவிட்டுப் பிழைச் செய்தியை மட்டும் நீட்டும். ஆகவே பெரும்பாலானவர்கள் அதைச் சாதாரண எச்டிஎம்எல்லாகவே அனுப்பினோம். மூடலுக்காக நாங்கள் பார்த்துப் பார்த்துப் போட்ட சாய்கோடுகளை எந்த உலாவியும் பொருட்படுத்தவில்லை.

இதில் என்னை அதிகம் வாட்டியது, அடித்ததை உலாவி நினைவில் வைத்துத் தானாக நிரப்பலாமா என்று சொல்லும் ‘ஆட்டோகம்ப்ளீட்’ பண்பு. பலர் வந்துபோகும் பொதுக் கணினியில் உலாவி கடவுச்சொல்லைச் சேமித்துவிடக் கூடாது. அதைத் தடுக்க இருந்த ஒரே எளிய வழி இந்தப் பண்பை ‘ஆஃப்’ என்று வைப்பது. ஆனால் அது மைக்ரோசாஃப்ட் தன் உலாவியில் தானாகச் சேர்த்தது, எச்டிஎம்எல் 4.01-இலும் இல்லை, எக்ஸ்எச்டிஎம்எல் 1.0-இலும் இல்லை. போட்டால், பக்கம் தரப்படி இருக்கிறதா என்று பார்க்கும் சரிபார்ப்பான் பிழை என்று சொல்லும், போடாவிட்டால் பயனருக்கு ஆபத்து. தரமா, மனிதரா என்று கேட்ட அந்தத் தரத்தின் மீது எனக்கு இன்னும் மனத்தாங்கல் உண்டு.

2014-இல் முறைப்படி வெளியான எச்டிஎம்எல் 5 அந்தப் பண்பைத் தரத்திலேயே சேர்த்து அந்தச் சண்டையைத் தீர்த்துவைத்தது. இன்று அதே பண்பில் ‘இது ஏற்கெனவே உள்ள கடவுச்சொல்’, ‘இது புதிது’ என்று உலாவிக்குத் தனித்தனியாகச் சொல்ல முடிகிறது. கடவுச்சொற்களைச் சேமித்துவைக்கும் கடவுச்சொல் மேலாளர் சரியான பெட்டியைக் கண்டுபிடித்து நிரப்புகிறது. அதனால் தரம் பற்றிய கேள்விக்கு ஒரே வரியில் பதில்: இன்றைய எச்டிஎம்எல், வேறு யோசனையே வேண்டாம்.

இனி புள்ளிகள். 2009-இல் இணையதளப் பயன்பாட்டு வல்லுநர் ஜேக்கப் நீல்சன் இந்த மறைப்பை விட்டொழியுங்கள் என்று எழுதினார். பாதுகாப்பு வல்லுநர் புரூஸ் ஷ்னையர் முதலில் ஆமோதித்தார். எதிர்ப்புகளைக் கேட்டபின் சில நாள்களிலேயே, தான் சொன்னது அநேகமாகத் தவறு என்று திரும்பிவிட்டார். அவர் திரும்பியதில் நியாயம் இருக்கிறது. கூட்டத்தில் திரையைப் பெரிதாகக் காட்டிக்கொண்டே உள்நுழைகிறோம், பஸ்ஸில் அடுத்தவர் தோளோடு தோள் உரசி உட்கார்ந்திருக்கிறார். பெட்டிக்கு வேறு நற்குணங்களும் உண்டு. கைபேசி விசைப்பலகை அதில் முதலெழுத்தைத் தானாகப் பெரிதாக்குவதில்லை, அடித்ததை அகராதியில் சேர்ப்பதில்லை. குறியாக்கம் இல்லாத பக்கத்தில் இந்தப் பெட்டி இருந்தால் பாதுகாப்பற்றது என்று 2017 ஜனவரி முதல் குரோம் எச்சரிக்கத் தொடங்கியது. வெறும் எழுத்துப் பெட்டியை வைத்துப் புள்ளி வேடம் போடும் தளங்களுக்கு விசைப்பலகையின் இந்த நற்குணங்கள் தாமாகக் கிடைக்காது.

ஆனால் என் பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற ஆசிரியர் படும் பாட்டைப் பார்த்தால் இந்த நியாயமெல்லாம் எனக்கு மறந்துவிடுகிறது. விரல் நடுங்கும் அவருக்கு. வீட்டில் தனியாக இருக்கிறார், எட்டிப் பார்க்க யாரும் இல்லை. புள்ளிகளை நம்ப முடியாமல், கடவுச்சொல்லை முதலில் குறிப்புச் செயலியில் அடித்து, கண்ணாடியைச் சரிசெய்து படித்துப் பார்த்து, நகலெடுத்து வந்து ஒட்டுகிறார். தளம் ஒட்ட விடவில்லை. பாதுகாப்புக்காகவாம்! கடைசியில் கடவுச்சொல் குறிப்புச் செயலியில் நிரந்தரமாகக் கிடக்கிறது. ஒட்ட அனுமதியுங்கள், அடித்ததைப் பார்க்கும் வசதி கொடுங்கள் என்று அமெரிக்கத் தர நிறுவனமான நிஸ்ட் 2017-லேயே வழிகாட்டிவிட்டது. இன்றைக்கும் தடுக்கிறார்கள் என்றால் அதை அலட்சியம் என்றுதான் சொல்வேன்.

‘காட்டு’ பொத்தான் வைத்தால் போதுமே என்பார்கள். வைக்கலாம், ஆனால் அரைகுறையாக வைக்கக் கூடாது. பொத்தானை அழுத்தியதும் பெட்டி சாதாரண எழுத்துப் பெட்டியாகிவிடுகிறது. முதலெழுத்தைப் பெரிதாக்குவதும் எழுத்துப்பிழைத் திருத்தமும் விழித்துக்கொள்கின்றன. குரோமின் மேம்பட்ட எழுத்துப்பிழைச் சோதனையை இயக்கியிருந்தால் அடிப்பது கூகுளின் சர்வருக்குப் போகும். பெரிதாக்கல், திருத்தம் இரண்டையும் அந்தப் பெட்டியில் அணைத்துவிட வேண்டும். படிவம் கிளம்பும் நொடியில் பெட்டியை மறுபடி கடவுச்சொல் வகைக்கே மாற்றிவிட வேண்டும். இல்லையென்றால் உலாவி அதைச் சாதாரணச் சொல்லாக நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

இவ்வளவு நல்லது சொன்ன பிறகும் என் தீர்ப்பு புள்ளிகளுக்கு எதிரானதுதான். பெட்டி இருக்கட்டும்; அது இல்லாமல் முடியாது. ஆனால் நண்பரே, உங்கள் சங்கத்து உறுப்பினர்களில் பெரும்பாலோர் வயதானவர்கள். பக்கம் திறக்கும்போதே எழுத்துகள் தெரியட்டும். கூட்டத்தில் இருப்பவர் ‘மறை’ பொத்தானை அழுத்திக்கொள்ளட்டும். ஒட்டுவதைத் தடுக்கும் அந்த ஒரு வரி நிரலை மட்டும் யார் கேட்டாலும் எழுதிக் கொடுக்காதீர்கள்.