தொட்டி மட்டத்துக்கு 96-க்கு 96 பிஐடி கன்ட்ரோலர்: யாருக்கு உதவும், எங்கே மக்கர் பண்ணும்?

வாளையார் தாண்டிப் பாலக்காடு மாவட்டத்தின் கஞ்சிக்கோடு தொழிற்பேட்டைக்குள் போனால் கூலிங் வாட்டர் தொட்டி, சாஃப்ட்னர் தொட்டி, பாய்லர் ஃபீட் தொட்டி எல்லாவற்றுக்கும் பேனலில் ஒரே மாதிரிப் பெட்டிதான் உட்கார்ந்திருக்கும். 96-க்கு 96 மில்லிமீட்டர் முகப்பு, மேல் வரிசையில் இப்போதைய மட்டம், கீழ் வரிசையில் செட் பாயிண்ட் (நிற்க வேண்டிய மட்டம்), நாலு பட்டன். முகப்பில் எந்தப் பெயர் அச்சடித்திருந்தாலும் உள்ளே ஏறக்குறைய ஒரே சரக்குதான்: 4-20 மில்லி ஆம்பியர் இன்புட் (மட்டம் பூஜ்யம் என்றால் 4, முழு அளவு என்றால் 20), பிஐடி கணக்கு (செட் பாயிண்டிலிருந்து மட்டம் விலகிய அளவுக்கு P, விலகல் சேரச் சேர I, மாறும் வேகத்துக்கு D என்று திருத்துவது), வால்வுக்கோ மோட்டார் வேகத்தை மாற்றும் டிரைவுக்கோ போகிற 4-20 அவுட்புட், இரண்டு அலாரம் ரிலே. அதனால் இங்கே எடை போடுவது ஒரு கம்பெனியை அல்ல, இந்த வகைக் கருவியை.

முதலில் தீர்ப்பைச் சொல்லிவிடலாம். மட்டம் அரை மீட்டர் ஏறி இறங்கினாலும் கவலையில்லை, மோட்டார் ஓடி நின்றால் போதும் என்கிற தொட்டிக்கு இது வேண்டாம். மூன்று ராட் போட்ட சாதாரண லெவல் ரிலே போதும். மட்டம் ஒரே இடத்தில் நிற்க வேண்டும், உள்ளே வரும் தண்ணீர் சீராக வர வேண்டும் என்றால் இது கொடுத்த காசுக்கு உழைக்கும். ஆனால் இந்தப் பெட்டி பெரும்பாலும் அடுப்பு, ஓவன், எக்ஸ்ட்ரூடர் சூட்டைப் பிடிப்பதற்காகச் செய்யப்படுவது. ஃபேக்டரி செட்டிங்கும் சூட்டுக்கானதே. அதை மாற்றாமல் தொட்டியில் மாட்டினால் ஆட்டம் நிச்சயம்.

“மட்டம் ஹண்டிங் அடிக்குது”, அதாவது நிற்காமல் மேலும் கீழும் ஆடுகிறது என்ற புகார் வந்ததும் வழக்கமாகச் செய்வது P பேண்டைக் (வால்வு முழுதாக மூடித் திறக்க மட்டம் மாற வேண்டிய சதவீதம்) கூட்டி கெயினை, அதாவது திருத்தத்தின் வீச்சைக் குறைப்பது. சூட்டுக்கு அது சரியான மருந்து. தண்ணீர் மட்டத்தில் I ஓடிக்கொண்டிருக்கும்போது அதைச் செய்தால் ஆட்டம் இன்னும் மெதுவாகும், இன்னும் பெரிதாகும். காரணம், தொட்டி தானாகச் சமநிலைக்கு வராது. வரத்து செலவை விடக் கொஞ்சம் கூடினாலும் மட்டம் ஏறிக்கொண்டேதான் இருக்கும். தொட்டியே ஏற்கெனவே ஒரு கூட்டல் வேலை செய்கிறது. அதன் மேல் கன்ட்ரோலரின் I இன்னொரு கூட்டல். இரண்டும் சேர்ந்தால் அலை அடங்காது. அதை அடக்குவது P-தான். P-யைத் தளர்த்தினால் பிடிமானம் போய்விடும்.

கணக்காகச் சொன்னால்: 10,000 லிட்டர் தொட்டி, வால்வு முழுதாகத் திறந்தால் மணிக்கு 20,000 லிட்டர் வரத்து. காலித் தொட்டி நிரம்ப 30 நிமிடம். இந்த நிமிடத்தை P பேண்டாலும் நாலாலும் பெருக்குங்கள். P பேண்ட் 25 சதவீதம் என்றால் 30 × 0.25 × 4 = 30 நிமிடம். I நேரமாகப் (இது கூடினால் I மெதுவாகும்) போட வேண்டியது 1800 விநாடி. பெட்டியோடு வருகிற I மதிப்பு பெரும்பாலும் இரண்டு முதல் நாலு நிமிடத்துக்குள் இருக்கும். வித்தியாசம் எவ்வளவு என்று பாருங்கள். வேகம் போதவில்லை என்றால் 900 வரை இறக்கலாம், அதற்குக் கீழே போனால் அலை எட்டிப் பார்க்கும். D பூஜ்யமாகவே இருக்கட்டும். குழாயிலிருந்து விழும் தண்ணீர் எழுப்பும் சிற்றலையை D பெரிதாக்கி வால்வைத் துடிக்க வைக்கும்.

ஆட்டோ டியூன் பட்டனை இந்த வேலைக்குத் தொடவே வேண்டாம். அது அவுட்புட்டைப் பூஜ்யத்துக்கும் நூறுக்கும் மாற்றி மாற்றித் தள்ளிப் பார்க்கும். அந்த நேரத்தில் தொட்டி வழியலாம், கீழே இருக்கும் பம்ப் தண்ணீர் இல்லாமல் ஓடலாம். முடிவில் D-யும் சேர்த்து ஒரு முரட்டு செட்டிங்கைத் தந்துவிட்டுப் போகும்.

I-யை அடியோடு நிறுத்திவிட்டு P மட்டும் வைத்து ஓட்டுவதும் நல்ல வழிதான். P பேண்ட் 25 சதவீதத்தில், தண்ணீர்ச் செலவு கூடி வால்வு 50-லிருந்து 70 சதவீதத்துக்குத் திறக்க வேண்டி வந்தால் மட்டம் 5 சதவீதம் இறங்கி நிற்கும். 3 மீட்டர் அளவில் 15 சென்டிமீட்டர். ஃபீட் தொட்டிக்கு இது ஒரு குறையே அல்ல.

இனி அளவீடு. கன்ட்ரோலர் கெட்டுவிட்டது என்று கழற்றும் முன் ஒரு மல்ட்டிமீட்டர் போதும். மட்டத்தை அளந்து கரண்டாக அனுப்பும் டிரான்ஸ்மிட்டர் 0-4 மீட்டர் ரேஞ்ச் என்றால் மீட்டருக்கு 4 மில்லி ஆம்பியர். 2 மீட்டர் தண்ணீருக்கு 12 வர வேண்டும். லூப்பில் (இந்தக் கரண்ட் ஓடும் ஒயர் சுற்று) தொடராகப் போட்டு அளந்து 12 வந்தால் டிரான்ஸ்மிட்டர் குற்றவாளி அல்ல. 3.6-க்குக் கீழேயோ 21-க்கு மேலேயோ இருந்தால் அது மட்டம் அல்ல, கோளாறு சிக்னல் என்று எடுத்துக்கொள்ளுங்கள். சுத்தமாகப் பூஜ்யம் என்றால் ஒயர் அறுந்திருக்கும் அல்லது 24 வோல்ட் வரவில்லை.

கரண்ட் சரி, டிஸ்ப்ளே தப்பு என்றால் முதலில் ஸ்கேலிங்கைப் (எந்தக் கரண்டுக்கு எந்த மட்டம் என்ற செட்டிங்) பாருங்கள். 20 மில்லி ஆம்பியருக்கு எதிரே போட வேண்டியது டிரான்ஸ்மிட்டர் ரேஞ்சான 4.00. தொட்டி உயரம் 3 மீட்டர்தானே என்று 3.00 போட்டால் 2 மீட்டர் தண்ணீர் 1.50 என்று தெரியும். கன்ட்ரோலர் நம்பி நிரப்பும், தொட்டி வழியும். அடுத்தது, பின்பக்க டெர்மினலில் இருக்கும் ரெசிஸ்டர். பல மாடல்களில் இன்புட் உண்மையில் 1-5 வோல்ட். 250 ஓம் ரெசிஸ்டரை வெளியே மாட்டித்தான் கரண்டை வோல்ட்டாக்க வேண்டும். அது தொலைந்து, கடையில் சுலபமாகக் கிடைக்கிற 270 ஓமைச் செருகியிருந்தால் 12 மில்லி ஆம்பியரில் 3.00 வோல்ட்டுக்குப் பதில் 3.24 வரும், 50 சதவீதம் 56 ஆகத் தெரியும். 20 மில்லி ஆம்பியரில் 5.4 வோல்ட், ரேஞ்ச் தாண்டியது என்று எர்ரர். உள்ளேயே ரெசிஸ்டர் வைத்த மாடலை வாங்குவது இதற்காகத்தான்.

ஆளை ஏமாற்றுகிற கோளாறு ஒன்று உண்டு. கீழ் மட்டத்தில் எல்லாம் சரியாகக் காட்டும். தண்ணீர் ஏற ஏற 75 சதவீதம் பக்கம் வந்ததும் டிஸ்ப்ளே அப்படியே நின்றுவிடும், தொட்டி மட்டும் ஏறும். இது சப்ளை வோல்டேஜ் பற்றாக்குறை. டிரான்ஸ்மிட்டர் வேலை செய்ய அதன் முனையில் 10-12 வோல்ட் வேண்டும். 250 ஓமில் 20 மில்லி ஆம்பியருக்கு 5 வோல்ட் விழும். ரெக்கார்டர் ஒன்றையும் அதே லூப்பில் கோத்தால் இன்னொரு 5. பழைய பவர் சப்ளை 24-லிருந்து 18-க்கு இறங்கியிருந்தால் கரண்ட் 16-க்கு மேல் ஏற வழியில்லை. மட்டம் உயரமாக இருக்கும்போதே டிரான்ஸ்மிட்டர் முனையில் வோல்டேஜ் அளந்தால்தான் இது பிடிபடும். தொட்டி காலியாக இருக்கும்போது அளந்தால் எல்லாம் சரியாகவே தெரியும்.

பாலக்காட்டு மழைக்காலத்தில் வருகிற தொல்லை வேறு வகை. தண்ணீருக்குள் தொங்கவிடும் டிரான்ஸ்மிட்டரின் கேபிளுக்குள் மெல்லிய காற்றுக் குழாய் ஒன்று ஓடுகிறது. வெளிக்காற்று அழுத்தத்தைக் கழிப்பதற்காக அது. இடவப்பாதி (தென்மேற்குப் பருவமழை) ஈரம் உள்ளே போய் நீர்த்துளி அடைத்தாலோ, தண்ணீர் புகக்கூடாது என்று ஜங்ஷன் பாக்ஸை சிலிக்கானால் முழுக்க அடைத்துவிட்டாலோ, காற்றழுத்த மாற்றம் அப்படியே மட்டத்தில் தெரியும். ஒரு மில்லிபார் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் தண்ணீர். சாதாரண நாளிலேயே காலைக்கும் மாலைக்கும் மூன்று நாலு மில்லிபார் மாறும், புயல் சின்னம் வந்தால் பத்தும் போகும். தொட்டியைத் தொடாமலே அளவு காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்றால் இந்தக் குழாயைப் பாருங்கள். பாக்ஸில் பிரீதர் கிளாண்ட் (காற்று மட்டும் போய்வர விடும் மூடி) போட்டு, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தை மழைக்கு முன் மாற்றுவது போதும்.

அளவீடு சரி, டியூனிங்கும் சரி, ஆனாலும் ஆடுகிறதா? மேனுவலில் போட்டு அவுட்புட்டை அசையாமல் வையுங்கள். அப்போதும் மட்டம் அலைந்தால் வெளியே யாரோ தண்ணீரை எடுத்து விட்டுக்கொண்டிருக்கிறார்கள். மேனுவலில் ஆட்டம் நின்றால் அடுத்த சந்தேகம் வால்வு. அவுட்புட்டை ஒவ்வொரு சதவீதமாக ஏற்றி வால்வின் தண்டை (ஸ்டெம்) பாருங்கள். மூன்று நாலு சதவீதம் வரை அசையாமல் இருந்து திடீரென்று குதித்தால் கிளாண்ட் பேக்கிங்கை (தண்டைச் சுற்றிய கசிவுத் தடுப்பு) அதிகமாக இறுக்கியிருக்கிறார்கள். எந்த பிஐடி மதிப்பும் இதைச் சரிசெய்யாது. கரண்டைக் காற்றழுத்தமாக்கும் ஐ-டு-பி கன்வர்ட்டரில் 12 மில்லி ஆம்பியருக்கு 9 பி.எஸ்.ஐ. காற்று வர வேண்டும். வராவிட்டால் ஃபில்டர் ரெகுலேட்டரில் தேங்கிய தண்ணீரை இறக்கிவிட்டு நாசிலைப் பாருங்கள். புதிதாக மாட்டியதும் அவுட்புட் ஒரேயடியாக நூறுக்கோ பூஜ்யத்துக்கோ ஓடினால் ஆக்‌ஷன் தலைகீழ். நிரப்பும் வால்வுக்கு ரிவர்ஸ் (மட்டம் ஏறினால் அவுட்புட் இறங்கும்), வெளியேற்றும் வால்வுக்கு டைரக்ட் (மட்டம் ஏறினால் அவுட்புட்டும் ஏறும்). வால்வு காற்றில் மூடும் வகை என்றால் இரண்டும் மாறும்.

கஞ்சிக்கோட்டில் இண்டக்‌ஷன் ஃபர்னஸ் உள்ள ஆலைகளில் மின்சாரத்தில் இரைச்சல் (நாய்ஸ்) அதிகம். டிஸ்ப்ளேயின் கடைசி இலக்கம் தாறுமாறாகத் துள்ளினால் சிக்னல் கேபிளை டிரைவ் கேபிளிலிருந்து பிரித்து வேறு டிரேயில் போடுங்கள், ஷீல்டை பேனல் பக்கம் மட்டும் எர்த் செய்யுங்கள், இன்புட் ஃபில்டரை 2-3 விநாடி வையுங்கள். துலாவர்ஷ (வடகிழக்குப் பருவமழை) இடிக்கு லூப்பின் இரண்டு முனையிலும் சர்ஜ் புரொடெக்டர் வேண்டும்; பேனல் பக்கம் மட்டும் போட்டால் தொட்டி மேலே இருப்பது போய்விடும். ஏப்ரல் வெயிலில் மேற்குப் பார்த்த பேனலுக்குள் சூடு 50 டிகிரியை எளிதாகத் தொடும். இந்தப் பெட்டிகள் பலவற்றுக்கும் உச்ச வரம்பே 50 அல்லது 55 என்பதால் நிழலும் ஃபேனும் அவசியம்.

அலாரம் ரிலேயில் கான்டாக்டர் (மோட்டாரை ஓட்டும் பெரிய ஸ்விட்ச்) காயிலை நேரடியாகக் கோக்காதீர்கள். காயிலுக்குக் குறுக்கே 100 ஓம், 0.1 மைக்ரோ ஃபாரட் ஸ்னப்பர் (தீப்பொறியை அடக்கும் சுற்று) இல்லாவிட்டால் ரிலே முனை ஒட்டிக்கொள்ளும், அலாரம் போனாலும் மோட்டார் நிற்காது.

பாய்லர் டிரம் மட்டத்துக்கு இதை வைப்பவர்களுக்கு ஒரு கண்டிப்பான எச்சரிக்கை. இது லோ-வாட்டர் கட்-ஆஃபுக்கு மாற்று அல்ல. அது தனி சென்சார், தனி ஒயரிங்கில் பர்னரை நிறுத்த வேண்டும். ஸ்டீம் இழுப்பு திடீரென்று கூடும்போது டிரம்முக்குள் குமிழி பெருத்து மட்டம் பொய்யாக ஏறும், இந்தப் பெட்டி அதை நம்பி ஃபீடைக் குறைத்துவிடும். இழுப்பு அடிக்கடி மாறும் பாய்லருக்கு ஸ்டீம் ஃப்ளோவையும் சேர்த்துப் பார்க்கும் கன்ட்ரோலர்தான் சரி.

வாங்கும்போது கேட்க வேண்டியவை: I 3600 விநாடி வரை ஏறுகிறதா, D-யைப் பூஜ்யமாக்க முடிகிறதா, சென்சார் அறுந்தால் அவுட்புட் எங்கே போக வேண்டும் என்று நாமே சொல்ல முடிகிறதா, கரண்ட் போய் வந்தால் ஆட்டோவிலேயே எழுகிறதா, முன்பக்கம் ஆட்டோ-மேனுவல் தனிப் பட்டன் உண்டா. கடைசியாகச் சொன்ன பட்டன் இல்லாத மாடலைத் தவிர்ப்பது நல்லது, ராத்திரி ஷிப்டில் மெனுவுக்குள் போய் மேனுவல் தேட ஆபரேட்டரால் முடியாது. டியூனிங் முடிந்ததும் P, I, ஸ்கேலிங், ஆக்‌ஷன் நாலையும் எழுதி பேனல் கதவின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள். கூடவே ஒரு சதவீதத் துல்லியமுள்ள 250 ஓம் ரெசிஸ்டர் இரண்டை ஒரு கவரில் போட்டு அங்கேயே தொங்கவிடுங்கள்.